காலி கேலரி

"எவனாவது டிக்கெட் எடுத்து உள்ள போனான், காலை உடைச்சிடுவேன்!"

மைதானத்து கேட்டின் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கத்தினான் பிரதோஷ். ஸ்கூட்டரில் வந்த கணவனும் மனைவியும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போனார்கள்.

அவன் போட்டிருந்தது மலையடி எஃப்.சி.யின் பச்சை ஜெர்சி. அந்தக் கால்பந்து அணியின் ரசிகர் மன்றத்துக்கு அவன்தான் தலைவன். ஒரு தடவை சொந்த அக்காவின் கல்யாண வரவேற்பிலிருந்தே பாதியில் எழுந்து ஆட்டம் பார்க்க ஓடிவந்தவன்.

இன்றைக்கு அவனே எல்லாரையும் தடுத்துக்கொண்டிருந்தான். கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மன்றத்தார் அத்தனை பேரும் பச்சைச் சட்டையில் கூடியிருந்தார்கள். மேளம் இருந்தது, அடிக்கவில்லை. மலையின் நிழல் வேங்கிக்கால் பக்கமாக நீண்டு மைதானத்துச் சுவரைத் தொட்டிருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு அப்புறம் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. போன வாரம் விழுப்புரத்தில் ஆட்டம். கோல்கீப்பர் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு ரூட் பஸ்ஸில் போய்வந்தார். இந்த சீசனோடு அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தை பிளாட் போடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஓனர் சோமசேகரன் மட்டும் வாயே திறக்கவில்லை.

"ஏம்ப்பா பிரதோஷ், நாம உள்ள போகலைன்னா டிக்கெட் காசும் வராது. டீமு இன்னும் சீக்கிரமா இல்ல படுத்துக்கும்?" என்றார் சகாதேவன். ரிட்டையர் ஆன கண்டக்டர், மன்றத்தின் மூத்த ரசிகர்.

"டிக்கெட் காசுல இன்னாணா இருக்குது? லைட்டு போடற கரெண்டுக்கே பத்தாது." இதையெல்லாம் விளக்கிச் சொல்வதென்றால் பிரதோஷுக்குத் தனி உற்சாகம். "உள்ள சுத்தி போர்டு வெச்சிருக்காங்க பாரு, நகைக்கடை, சிமெண்ட்டு கம்பெனி… டீமுக்குச் சோறு போடறது அவங்கதான். அவங்க பந்தைப் பாத்தா காசு குடுக்கறாங்க? நம்ம தலைங்களைப் பாத்துக் குடுக்கறாங்க. ஒரு டீமோட சொத்தே கேலரில உக்கார்ற ஜனம்தாண்ணா. அந்த சொத்தை ஒரு நாளைக்குத் தூக்கி வெளிய வெச்சிட்டா, ஓனர் தன்னால வழிக்கு வருவாரு."

"அந்த சொத்துதான் இங்க மரத்தடில வேர்க்கடலை உரிச்சுத் தின்னுட்டு நிக்குது" என்றாள் மேளக்காரி தமிழ்செல்வி.

எல்லாரும் சிரித்தார்கள். சகாதேவன் சிரிக்கவில்லை.

அப்போது வெள்ளைக் கார் ஒன்று வந்தது. அதற்கு மட்டும் வாட்ச்மேன் ராமன் ஓடிவந்து கேட்டை அகலத் திறந்தார். பின் சீட்டில் கண்ணாடி போட்ட ஒருவர் மரத்தடிக் கூட்டத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"போர்டு வெக்கற கம்பெனி ஆளா இருக்கும். வரட்டும், நல்லா பாக்கட்டும்" என்றான் பிரதோஷ்.

உள்ளே விசில் ஊதியது. பந்து உதைபடும் சத்தம் சுவரைத் தாண்டித் தனியாகக் கேட்டது. எத்தனையோ ஆட்டம் பார்த்தும் அந்தச் சத்தத்தை அவர்கள் கேட்டதே இல்லை. இவர்களுடைய கூச்சலில் அது எப்போதும் அமுங்கிப்போகும். பிரதோஷின் கால் தன்னையறியாமல் கேட் பக்கம் ஓரடி நகர்ந்தது. இழுத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் ராமன் மூச்சிரைக்க வந்தார். "தம்பி, ஓனர் எல்லாரையும் உள்ள வரச் சொல்றாரு. டிக்கெட் வேணாமாம். மேளத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு."

"சும்மாவா?" சகாதேவன் நெற்றியைச் சுருக்கினார். "சம்பளம் போடவே காசில்லாத மனுஷன், எதுக்குய்யா நம்மளை சும்மா உள்ள விடறாரு?"

"பயம்ணா! வேற இன்னா?" பிரதோஷ் ராமன் பக்கம் திரும்பினான். "மொதல்ல பசங்களுக்குச் சம்பளத்தைப் போடச் சொல்லுங்க. அப்புறம் வர்றோம்."

"கெஞ்சறாருப்பா."

"கெஞ்சட்டும்."

இடைவேளைக்கு முன்னால் ராமன் மறுபடியும் வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "பாதிப் பேராவது வாங்கப்பா. எதுக்குன்னு எனக்குத் தெரியாது. அவரு காலி கேலரியையே சுத்திச் சுத்தி வர்றாரு."

ஒருவரும் அசையவில்லை. மலை உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ, "மழை வரும்போல" என்றார்கள்.

இரண்டாம் பாதிக்கு விசில் ஊதுவதற்குள் வெள்ளைக் கார் வெளியே வந்தது. அதன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார் சோமசேகரன். ஒரு காலில் செருப்பு இல்லை. வேட்டி மண்ணில் புரண்டது.

மரத்தடியில் விசில் பறந்தது. "வழிக்கு வந்துட்டாருடா!" என்று யாரோ கத்த, தமிழ்செல்வி அன்று முதல் தடவையாக மேளத்தை அடித்தாள். கேட்டருகே கார் நின்றது. அவர் கெஞ்சுவதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று பிரதோஷ் கையை உயர்த்தி மேளத்தை நிறுத்திவிட்டு, காரின் பக்கத்தில் போய் நின்றான்.

"இன்னிக்கு ஒரு நாள்தாங்க இப்படி…" சோமசேகரன் ஜன்னலை விடவில்லை. "இந்த ஊரே என் டீமு மேல உயிரா இருக்குதுங்க. நம்புங்க."

கண்ணாடிக்காரர் அவர் கையை ஜன்னலிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார்.

"சும்மா கூப்பிட்டாலும் உள்ள வராத ஊர்ல, நான் எப்படிங்க டீம் வாங்குறது?"