ரெஜினாவின் இருமல்

இருமல் ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தின் உதவி எண்ணை ஞானசிகாமணி மூன்றாவது முறையாக அழைத்தார்.

"பேரு, ஊரு எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் சார் வெளியிடுவோம். பங்கேற்பாளர் எண் இருந்தா சொல்லுங்க," என்றாள் மறுமுனையில் இருந்த பெண்.

"எண்ணெல்லாம் தெரியாதும்மா. போன தை மாசம் செத்துப்போனா என் பொண்டாட்டி. அவ இருமுறது தெரியும்."

"அப்ப நீங்களே ஒவ்வொண்ணா கேட்டுப் பாருங்க சார். நடுவுல 'பீப்'னு வரும். பக்கத்துல இருக்கிறவங்க பேச்சைப் பதியிறப்பவே கருவி மறைச்சிடும், அதான் அது."

மாவட்டம் முழுக்க வீட்டுச் சுவர்களில் மாட்டியிருந்த கருவிகள் ஒன்பதாயிரம் பேரின் இருமலைப் பதிந்திருந்தன. நாற்பது நாள் உட்கார்ந்து கேட்டார். யார் இருமினாலும் பின்னாலேயே ஒரு பீப் வந்தது. தண்ணீர் வேண்டுமா என்று யாராவது கேட்டிருப்பார்கள், மாத்திரை போட்டாயா என்று அதட்டியிருப்பார்கள். தானும் அப்படிக் கேட்டவன்தான் என்று நினைத்துக்கொண்டார்.

நாற்பத்தோராம் நாள் அவர் வீட்டு மின்விசிறியின் கிறீச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே ரெஜினா இருமினாள். இரண்டு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு இருமல்கள். அத்தனை நாளும் அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். ஒன்றில்கூட பீப் இல்லை.

மறுபடி முதலிலிருந்து சத்தமாக ஓடவிட்டார். ரெஜினா இருமினாள்.

"தண்ணி கொண்டு வரட்டா, ரெஜி?" என்று கேட்டார்.

சுவரில் இன்னும் மாட்டியிருந்த கருவியின் பச்சை விளக்கு எரிந்தது. முந்நூற்றுப் பதின்மூன்றாவது இருமல் பதிவானது, பின்னாலேயே ஒரு பீப்போடு.