ஜல்லிக் கூடை

"பதினோரு பேருதான் சாமி. அதுலயும் நாலு பேரு பொங்கல் பிரசாதத்துக்கு வந்தவங்க," என்றார் மடத்துக் காரியஸ்தர் ஏகாம்பரநாதன்.

சம்பந்தமூர்த்தி சுவாமிகள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலைச் சொற்பொழிவு அப்போதுதான் முடிந்திருந்தது. ஊருக்குத் தர்மம் சொல்வது மடாதிபதியின் கடமை. இருபது வருஷத்தில் ஒரு வெள்ளி தவறியதில்லை.

"ரொம்ப வேர்க்குதா சாமி? பின்ஜன்னல்ல ஆணி அடிச்சதுலேர்ந்து காத்து கம்மி. சாக்கடை நாத்தம்னு நீங்கதான சொன்னீங்க."

"இருக்கட்டும். அவகிட்ட எத்தனை பேர்?"

"எவகிட்ட சாமி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

ஏகாம்பரநாதன் தலையைச் சொறிந்தார். "வெள்ளையம்மாவா? நூத்தம்பது இருக்கும். வேங்கிக்கால் ரோட்டுல ஜல்லி போடற ஜனம் மொத்தமும் அங்கதான். நம்ம பால்கார அர்ஜுனன்கூட, அந்தம்மா சொன்னா புரியுதுங்கிறான்."

"தெருக் கூட்டறவ. எழுத்தாவது தெரியுமா?"

"கைநாட்டுதான்."

"போன மாசம் அஸ்தேயம், திருடாமைன்னு நாலு வாரம் பேசினேன். ஒருத்தன் குறட்டை விட்டான். இவ தர்மம் சொல்றாளாம், நூத்தம்பது பேர் கேக்கறாங்களாம்." சுவாமிகள் துண்டை உதறினார். "சாயங்காலம் நானே போய்ப் பாக்கறேன். நாளைக்கு முனிசிபாலிட்டில சொல்லி வேலைய விட்டே தூக்கிடணும்."

காவி கட்டியவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. சேரிப் புளியமரத்தடியில், கூட்டத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளையம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றபடியே பேசினாள். வாயில் வெற்றிலை.

"மேஸ்திரி அந்தாண்ட திரும்பினா கூடையில பாதி ஜல்லிதான அள்ளற? மீதிப் பாதிய யாரு சொமக்கறா? உன் பக்கத்துல நிக்கிறவ. காசு பணம்தான் திருடணுமா? அவ இடுப்பத் திருடற நீ. கூடைய ரொப்புடி."

கூட்டம் சிரித்தது. ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

இருபது வருஷத்தில் சுவாமிகளின் பேச்சைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. யாரும் தலை குனிந்ததும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் அவளிடம் போனார்.

"ஒக்காரு சாமி. எந்த ஊரு? கூழு இருக்கு, குடிக்கிறியா?"

"வேண்டாம். தர்மம் சொல்ல உனக்கு யார் கத்துக்கொடுத்தது? குரு யாரு?"

"குருவா?" வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "மடத்து சாமிதான். சம்பந்தமூர்த்தி சாமி."

"பொய் சொல்லாதே. நீ மடத்துக்குள்ளயே வந்ததில்லையே."

"எங்க வுட்டாங்க? கோயிலுக்குள்ள வுட்டே பத்து வருசம் ஆவுது. மடத்துல இன்னும் வாசப்படிகூட மிதிக்க வுடல. அவரு பேசற நேரமாப் பாத்து பின்சந்துல சாக்கட வாருவேன். மொகத்தப் பாத்ததில்ல. நல்ல மனுசன், ஆனா நீட்டி முழக்குவாரு. அஸ்தேயமோ என்னமோ, நம்ம வாயில நொழையாது. நான் அத ஜல்லிக் கூடைனு மாத்திக்கினேன்."

சுவாமிகள் சோதிப்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்குக் காலையில அவர் என்ன பேசினார், சொல்லு பாப்போம்."

வெள்ளையம்மாள் முகம் வாடிவிட்டது.

"தெரியல சாமி. யாரு கண்ணு பட்டுதோ, மூணு வாரமா அந்தப் பின்ஜன்னலுக்கு ஆணி அடிச்சிட்டாங்க. அதான் பழசையே சொல்லிக்கினு கெடக்கறேன்."