முதுகில் விழுந்த அடி

“உங்களை அடிச்சது யாரு மேஸ்திரி?”

இன்ஸ்பெக்டரம்மா கேட்டு முடிக்கவில்லை, கட்டட மேஸ்திரிக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. வலது கையில் கட்டுப் போட்டிருப்பதையும் மறந்து மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். கண்ணாடி டம்ளர் எகிறி விழுந்து சில்லுச் சில்லாகச் சிதறியது.

“என்னையா? கையை ஓங்கினவன் அந்தக் கையோட வீடு போய்ச் சேர்ந்திருப்பானா? கொலை விழுந்திருக்கும்.”

இன்ஸ்பெக்டரம்மாவைக் கூட்டிவந்த நர்ஸ், காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கிட்னி பழுதானவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சியில் அவளுக்கு வேலை. ஆறு வருடமாக இந்த வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கிறாள், ரத்தம் எடுக்கிறாள், ஒரு முழு நாள் சிறுநீரைப் பெரிய கேனில் பிடித்துவைக்கச் சொல்லி வாங்கிப் போகிறாள்.

வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும். படுக்கையறைக் கதவில் உதைத்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. மனுஷன் கட்டினதைவிட உடைத்ததுதான் அதிகம் என்று நினைத்துக்கொள்வாள்.

“கோபப்படாதீங்க அண்ணே. போன வாரம் குடுத்த கேன்ல ரத்தம் இருந்துச்சு. முதுகுல பலமா அடிபட்டா அப்படி வரும்னு டாக்டர் சொல்றாரு. எங்க ஆராய்ச்சியில இருக்கற ஆளு அடிபட்டிருந்தா போலீசுக்குச் சொல்லியே ஆகணும், அது விதி.”

“இருக்கற வியாதி போதாதுன்னு இது வேறயா?”

“மத்தபடி நல்ல சேதிதான். எப்பவும் யூரின்ல கொட்டோ கொட்டுனு கொட்டுற புரதம் இந்தத் தடவை நல்ல கிட்னி மாதிரி பேருக்குத்தான் இருக்கு. மருந்து வேலை செய்யுதுன்னு டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.”

மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டார். “கேனைப் பார்த்துக்கறது இவதான். சிந்தினா என்ன நடக்கும்னு இவளுக்கு நல்லாத் தெரியும். ஏய், டம்ளரைப் பொறுக்குடி.”

சமையலறை வாசலில் நின்ற மனைவி வந்தாள். குனியாமல், சுவரைப் பிடித்து மெல்ல மண்டியிட்டு, சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா விடவில்லை. “பயப்படாம ஆளைச் சொல்லுங்க. கிட்னி கலங்கற மாதிரி உதைச்சவனை இன்னைக்கே தூக்கி உள்ள வைக்கிறேன். லேசில வெளிய வர முடியாது.”

மேஸ்திரியின் முகம் மாறியது. போன மாதம் இதே வாசலில் வந்து நின்று, அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சத்தம் போட்ட மச்சான் அவர் கண்முன் வந்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

“குடும்ப மானம் போகுமேன்னு பார்த்தேன். இவ தம்பிதாம்மா. பின்னாடியிருந்து வந்து முதுகுல எட்டி உதைச்சான். விழுந்தப்புறமும் விடாம மிதிச்சான். தடுக்கப் போனதுல கையும் போச்சு.”

“அவன் இல்லைங்க,” என்றாள் மனைவி. “அவன் இந்தப் பக்கமே வரலைங்க.”

“வாயை மூடுடி.” மேஸ்திரி கட்டுப் போட்ட கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். அவள் முகத்தை மறைக்கவில்லை. முதுகைச் சுவரோடு அப்பிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டரம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். “அடிபட்டவருக்கு நல்ல பலம். சட்டையைக் கழட்டுங்க, காயத்தைப் பார்க்கணும்.”

நுணலும் தன் வாயால் கெடும். வேறு வழியில்லாமல் சட்டையைக் கழற்றித் திரும்பினார் மேஸ்திரி. அவர் பூசின சுவர் எதிலும் அப்படியொரு வழவழப்பு இருந்ததில்லை. ஒரு கீறல் கிடையாது.

“உள்காயம்,” என்றார்.

நர்ஸ் யோசித்தாள். இந்த வீட்டுக் கேன் ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடப் புரதம் கொட்டாமல் வந்ததில்லை. எந்த மருந்துக்கு அப்படி ஒரேயடியாக நிறுத்துகிற சக்தி இருக்கிறது?

அவள் அந்தக் கைக்கட்டைப் பார்த்தாள். பிறகு, சுவரை விட்டு அசையாமல் நின்றவளைப் பார்த்தாள்.

“அக்கா, அந்தக் கேன் உங்க கையிலதானே இருந்துச்சு? அன்னைக்கு என்ன ஆச்சு?”

“அவளை எதுக்குக் கேக்கற?” மேஸ்திரி திமிறினார். இன்ஸ்பெக்டரம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

தன்மேல் விழுந்ததையெல்லாம் இத்தனை வருடம் வாய் திறக்காமல் விழுங்கியவள் அவள். இன்றும் விழுங்கியிருப்பாள். ஆனால் செய்யாத குற்றத்துக்குத் தம்பி கம்பி எண்ணப் போவதை அவளால் விழுங்க முடியவில்லை. மெல்லத் திரும்பி, முதுகை அவர்களுக்குக் காட்டி, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“இவர் என்னை அடிச்சு உதைச்சதுல கேன் கொட்டிடுச்சும்மா... தெரிஞ்சா மறுபடி உதைப்பாருன்னு நான்தான் என்னோடதைப் பிடிச்சு நிரப்பி வச்சேன்.”