கட்டிப்போடாத பிள்ளை

கொலுசுச் சத்தம் மணல்மேட்டுப் பக்கம் கேட்டது.

அவள் கலவைச் சட்டியைத் தலைக்கு ஏற்றினாள்.

அந்தச் சத்தம் கேட்கிறவரை கை வேலை செய்யும். கேட்காவிட்டால் கால் நின்றுவிடும்.

பக்கத்தில் கலவை மிஷின் இரைகிறது. காலையில் ஓட ஆரம்பித்தால் சாப்பாட்டுக்குத்தான் நிற்கும். போன மாதம் சாரத்திலிருந்து பீகார்ப் பையன் விழுந்தபோது மட்டும் நடுவில் நின்றது.

அந்த இரைச்சலுக்குள் கொலுசை எப்படிப் பிரித்தெடுக்கிறாள் என்று கூட வேலை செய்கிறவர்களுக்கு ஆச்சரியம். அவர்கள் காதில் விழாது.

பிள்ளையை ஊரில் விட்டுவர ஆள் இல்லை. பெங்களூர் வந்த புதிதில் சாரக்கம்பில் தூளி. தவழ ஆரம்பித்ததும் எல்லோரையும் போல அவளும் பழைய சேலையைக் கிழித்துப் பிள்ளையின் இடுப்பில் ஒரு முனை, தூணில் ஒரு முனை கட்டினாள்.

மோனிஷா நாளெல்லாம் கத்தினாள்.

அப்புறம் கத்தவில்லை. துணியைக் கடித்தாள்.

ஒருநாள் குளிப்பாட்டும்போது இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகத் தடம். தண்ணீர் பட்டதும் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டது.

அன்றைக்கே அந்தத் துணி அடுப்புக்குப் போனது.

கூலி வந்ததும் கொலுசு வாங்கினாள். வெள்ளி இல்லை. ஆனால் முத்து நிறைய. கடைக்காரர் காட்டியதையெல்லாம் காதுக்குப் பக்கத்தில் ஆட்டி ஆட்டிப் பார்த்து, இருப்பதிலேயே அதிகம் கத்துவதை எடுத்தாள்.

மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை.

“ஏம்மா, மேல கைப்புடி இன்னும் வெக்கல. லிப்ட் குழி தொறந்து கெடக்குது. புள்ளயக் கட்டிப்போட்டுட்டு வேலயப் பாரு.”

“அவ என்னா நாயா மேஸ்திரி, கட்டிப்போட?”

“நாயாவது கூப்ட்டா வரும்” என்றாள் ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த கோவிந்தம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். மணல்மேட்டு உச்சியில் நின்று மோனிஷா லொள் லொள் என்று குரைத்துக் காட்டினாள்.

பெற்றவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கூப்பிட்டால் வருகிற பிள்ளை இல்லைதான். கூப்பிட்டால் அந்தப் பக்கம் ஓடும்.

கொலுசு பத்தாமல் போய் வேறு மாற்றியாகிவிட்டது. கால் வளர்கிறது. வாயும் வளர்கிறது. இப்போது வாட்ச்மேன் கொட்டகையிலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்து அதற்குத் தாயாகியிருக்கிறாள். தன் பன்னில் அதற்கும் பங்கு. விரலைக் கலவையில் தொட்டு அதற்குப் பொட்டு.

நேற்று அதை மடியில் போட்டு மிரட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கயும் போவக் கூடாது. நீ எங்க இருக்கன்னு அம்மாக்குக் கேக்கணும். புரியுதா?”

அப்படியே அம்மாவின் பேச்சு. அதட்டல்கூட.

மூன்றாம் மாடியில் சட்டியைக் கொத்தனாரிடம் இறக்கினாள். காலை டீயோடு வாங்கிய பன்னில் பாதியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். விளிம்போரம் போய்க் கீழே குரல் கொடுத்தாள்.

“மோனீ... பன்னு!”

சத்தம் திரும்பியது.

படிப் பக்கம் வந்தது.

ஏறியது.

அவள் நம்பாமல் நின்றாள். கூப்பிட்டதும் வருகிறது. முதல் தடவையாகக் கூப்பிட்டதும் வருகிறது. புத்தி வந்துவிட்டது பிள்ளைக்கு. இதைக் கோவிந்தம்மாவிடம் சொல்லாமல் விடக் கூடாது.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

முதல் மாடி. இரண்டாம் மாடி. ஒரே ஓட்டமாக வருகிறது. மெதுவா வாடி, விழுந்துடுவ என்று சொல்ல வாயெடுத்தாள்.

படி திரும்புகிற இடத்தில் நாய்க்குட்டி தலையை நீட்டியது.

இரண்டு கொலுசும் ஒன்றோடொன்று கோத்து அதன் கழுத்தில் கிடந்தன. நெற்றியில் கலவைப் பொட்டு. இன்னும் காயவில்லை.

அவள் குனிந்து கொலுசைத் தொட்டாள். திருகாணிகள் இறுகியிருந்தன. நழுவிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் திருகிய இறுக்கம். பிள்ளைக்குத் திருகத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது.

“மோனீ.”

குட்டி அவள் கையிலிருந்த பன்னைப் பார்த்து வாலை ஆட்டியது. கழுத்தில் முத்துகள் குலுங்கின.

சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.

கீழே மிஷின் நின்றது.