துளிக்குள் விழுந்தது

துளிக்குள் ஒரு முடி கிடந்தது.

அவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை விலக்கினார். துடைத்துக்கொண்டார். மறுபடி பார்த்தார்.

முடிதான். தேர் வடம் அளவுக்குத் தெரிந்தது.

அதன் மேல், மழை விட்ட பிறகு கொடிக்கம்பியில் நீர் நிற்பதுபோல, வரிசையாகப் படிகங்கள்.

ஒவ்வொன்றும் கல்கண்டு.

ஏழு வருடம். ஏழு வருடமாக அவர் வைத்த துளிகளையெல்லாம் சேர்த்து ஊற்றியிருந்தால் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, மதகைத் திறந்துவிட்டிருப்பார்கள். அத்தனையும் பச்சைத் தண்ணீர்போலத் தெளிந்து கிடந்து அவரைப் பார்த்துச் சிரித்தவை.

துளிக்குள் இருப்பது ஒரு வைரஸின் மோட்டார்.

கை வைத்தால் தோல் உரியும் வெந்நீர் ஊற்றில் ஒரு பாக்டீரியா வாழும். அதைப் பிடித்துத் தின்ன இந்த வைரஸும் அங்கேயே குடியிருக்கும். அதன் ஐந்து புரதங்கள் வளையமாகக் கைகோத்து நின்று, டிஎன்ஏ இழையை வைரஸின் தலைக்குள் திணிக்கும். ஒரு கல்யாண வீட்டுப் பட்டுப்புடவைகள் அத்தனையையும் தீப்பெட்டிக்குள் திணிப்பதுபோல. லாரி டயருக்குள்கூட அவ்வளவு அழுத்தம் கிடையாது.

எப்படித் திணிக்கிறது என்று அறிய அதன் வடிவம் தெரிய வேண்டும். வடிவம் தெரிய எக்ஸ் கதிர் பாய்ச்ச வேண்டும். அதற்குப் படிகம் வேண்டும். புரதக் கரைசலைத் துளித்துளியாக வைத்துக் காத்திருந்தால், என்றாவது ஒன்றில் அது விளையும்.

படிகம் அவளுக்கு வந்தது.

அடுத்த மேசைப் பெண். அதே புரதம். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்.

மூன்று வாரத்துக்கு முன்பு. ஊசி ஊசியாக. கதிர் பட்டதும் பொடிந்துபோன ஊசிகள்தான். ஆனாலும் ஆய்வக இயக்குநர் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார்.

அவருக்கு அது கசந்தது. நான்கு துண்டு சாப்பிட்டுப் பார்த்தும் கசந்தது.

அன்றிலிருந்து அவள் தும்மினால்கூட அவருக்குப் பொறுக்கவில்லை. அவள் சாப்பாட்டு டப்பாவில் அப்பளம் நொறுங்காமல் இருந்ததற்கும் வயிறெரிந்தார்.

ஓய்வுபெற இன்னும் நாற்பது நாள்.

இப்போது இது.

முடி நீளம். சுருள். நுனியில் மருதாணிச் சிவப்பு.

அவர் தலையில் முடி போய் இருபது வருடம். இயக்குநருக்கோ நரைத்த கிராப்பு.

ஆறுதல் சொல்கிறேன் என்று போன வாரம்கூட இந்தத் தட்டின்மேல் குனிந்த தலை அது. அவளுடைய படிகத்தின் பொடி அதில் ஒட்டியிருக்கும். ஒரு துகள் போதும். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் அடுக்கி வளர ஆரம்பித்துவிடும்.

ஆக, துளி அவருடையது. விதை அவளுடையது.

இடுக்கியை எடுத்தார்.

முடியை உருவிவிட்டால் எல்லாமே அவருடையது.

கண்ணாடி மூடியைத் தூக்கினார். முடியின் வால் துளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மெல்ல இழுத்தார்.

படிகங்களும் கூடவே நகர்ந்தன.

ஒன்றுகூட முடியை விடவில்லை.

மூடியைத் திரும்ப வைத்தார். குளிரறையில் அவருக்கு வேர்த்தது.

கதவு திறந்தது. அவள்.

“என்ன சார், சாமி கும்பிடுற மாதிரி உக்காந்திருக்கீங்க? ஏதாச்சும் வந்துச்சா?”

அவர் எழுந்து வழி விட்டார். சொல்லிவிடப் போகிறாரா, மறைக்கப் போகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் குனிந்தாள்.

ஒரு நிமிடம்.

இரண்டு நிமிடம்.

அவள் காது மடல் சிவந்தது. கழுத்து நரம்பு துடித்தது. நுண்ணோக்கியின் திருகைத் திருப்பிய விரல் ஒருமுறை வழுக்கியது.

அந்த அறிகுறிகள் ஒவ்வொன்றும் அவருக்கு அத்துப்படி. மூன்று வாரமாக அவர் உடம்பில் வாடகை தராமல் குடியிருந்தவை.

தலையைத் தூக்காமலேயே சொன்னாள்.

“குப்பை விழுந்திருக்கு சார். இது தேறாது. தூக்கிப் போட்டுட்டு வேற துளி வைங்க.”

அவருக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

ஏழு வருடத்தில் அவரைப் பார்த்து ஒருவர்கூட வயிறெரிந்ததில்லை. இதற்காகக் கிடைக்கிற பேரில் பாதி என்ன, முக்கால்வாசியே அவளுக்குக் கொடுக்கலாம்.

“அந்தக் குப்பை உன் தலையிலேருந்து விழுந்ததும்மா” என்றார்.

அவள் கை கொண்டைக்குப் போனது. அங்கேயே நின்றது.

பிறகு மறுபடி குனிந்தாள்.

இந்த முறை, படிகங்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள்.