ஹாரன் அடித்த திருடன்

எழுந்தேன். பல் துலக்கினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலர், தோள், கை, முதுகு. ரொட்டியைச் சுட்டுச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நடந்துபோனேன். அங்கே எனக்குக் கண் பரிசோதிக்கிற வேலை. இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்பேன்.

கடைக்குக் கொஞ்சம் முன்னால், தையல்கடை வாசலில் அந்தச் சிவப்பு ஸ்கூட்டர் நின்றது. சில நாட்களாக அங்கேதான் நிற்கிறது. இன்று அதன் சாவி என் பையில் இருந்தது.

நுழைத்தேன். திருப்பினேன். ஹாரனை அழுத்தினேன்.

சளி பிடித்த வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம்.

இன்னொரு முறை அழுத்துவதற்குள் தையல்கார அம்மாள் கழுத்தில் அளவுநாடாவும் கையில் கத்தரிக்கோலுமாக ஓடிவந்தார்.

“திருடன்! என் வண்டி! பிடிங்க, பிடிங்க!”

பிடிக்கத் தேவையே இருக்கவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஆனாலும் பக்கத்து சலூன்காரர் கடமைக்கு என் காலரைப் பிடித்தார். போட்ட இஸ்திரி போயிற்று.

அவருக்குப் பின்னால், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு வக்கீல் இறங்கிவந்தார். தெருமுனையில் நின்ற போலீஸ்காரர் வந்தார். என் முதலாளியும் கடை வாசலுக்கு வந்துவிட்டார். வழக்கு என்று ஒன்று பதிவானால் என் வேலை இருக்காது. அவர் நின்ற நிலையிலேயே அது தெரிந்தது.

“கையும் களவுமா பிடிச்சுட்டேன் சார்,” என்றார் சலூன்காரர்.

“கை இருக்கு. களவு எங்கய்யா?” என்றார் வக்கீல்.

போலீஸ்காரர் முறைத்தார். “வண்டி போனப்புறம் வந்து பிடிக்கணுமா? திருட முயற்சி பண்ணினாலே குத்தம்தான் சார்.”

வக்கீலுக்குச் சவரத்தின் நடுவிலேயே ஒரு வழக்கு கிடைத்த சந்தோஷம். “மனசுல நினைச்சா குத்தமில்ல. சாவியோட வந்தா, அது ஏற்பாடு. ஏற்பாட்டுக்கும் முயற்சிக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. தம்பி கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அதுதான் கேள்வி.”

“சாவிய போட்டாச்சு, திருப்பியாச்சு. கோட்டத் தாண்டி அடுத்த தெருவுக்கே போயாச்சு!” என்றார் தையல்கார அம்மாள்.

கூட்டம் சிரித்தது. பிறகு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சாவியைத் திருப்பியதே முயற்சி என்றது ஒன்று. சீட்டில் உட்கார்ந்தால்தான் முயற்சி என்றது மற்றது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பேசுகிறவர் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“காலிப் பாக்கெட்டுல கைவிட்டவனையே உள்ள வெச்சிருக்கேன் சார்,” என்றார் போலீஸ்காரர்.

“அவன் எடுக்கணும்னு கைய விட்டான். இவன் எடுக்க வந்தானான்னு பாருங்க.”

போலீஸ்காரர் குனிந்து வண்டியைச் சுற்றி வந்தார்.

“ஸ்டாண்ட எடுக்கல,” என்றார் தயக்கத்தோடு.

“சீட்டுல உக்காரவும் இல்ல.”

“ஹாரன் வேற அடிச்சிருக்கான்.” சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தேள் கொட்டினாக்கூட திருடன் வாயத் திறக்க மாட்டான்பாங்க. இவன் என்னடான்னா ஊரக் கூட்டி வெச்சுக்கிட்டுத் திருட வந்திருக்கான்!”

“அதைத்தான் நானும் சொல்றேன். கொண்டுபோற எண்ணமே இல்லன்னா அது எப்படி முயற்சியாகும்?” வக்கீல் கையை வீசியதில் நுரை பறந்து சலூன்காரர்மேல் விழுந்தது.

என் காலர் விடுபட்டது. முதலாளி உள்ளே போய்க் கண்ணாடிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

தையல்கார அம்மாள் மட்டும் விடுவதாயில்லை. “எல்லாம் சரி. என் வண்டிச் சாவி இவன்கிட்ட எப்படி வந்துச்சு?”

“முன்னாடி எங்க வீட்டு வண்டி. மச்சான்தான் உங்களுக்கு வித்தாரு. ரெண்டாவது சாவி என்கிட்டயே இருந்துடுச்சு.”

“அது தொலைஞ்சு போச்சுன்னாரே அவரு. தங்கச்சி ஓட்டின வண்டி, இப்ப ஓட்ட ஆளில்லன்னு…”

பாதியில் நிறுத்திக்கொண்டார். கத்தரிக்கோலை மடக்கினார்.

சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“இன்னொரு தரம் அடிச்சுக்கங்க,” என்றார்.

“உடையவங்களே சொல்லியாச்சு. இனிமே ஒரு சட்டமும் கிட்ட வராது,” என்றார் வக்கீல்.

அடித்தேன். நீளமாகவே அடித்தேன். தெருவின் கடைசி மாடியில் ஒருவர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். போலீஸ்காரர் காதைப் பொத்திக்கொண்டு, “போதும்ப்பா. இதுக்கு மேல அடிச்சா அதுக்குத் தனியா கேஸு,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து.

எதற்கு அடித்தாய் என்று கேட்டார்கள். அடிக்கிறதா என்று பார்த்தேன் என்றேன். சாவியைத் தையல்கார அம்மாளின் மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

என் மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்று உறவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அம்மாவைப் பார்த்துக்கச் சொன்னாளாம். என் பெயரைச் சொன்னாளாம். மாடிப்படியில் மயங்கி விழுந்த பிறகு அவள் எதுவுமே சொல்லவில்லை. வண்டிவரை போய்ச் சேரவும் இல்லை.

அதற்குச் சற்று முன்னால், நான் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்க, அவள் கதவருகில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“நீ மெதுவா வா, ஆமை. நான் கீழ போய் வண்டிய எடுத்துட்டு ஹாரன் அடிக்கிறேன்.”