தரையைத் தொட்ட கை

யோகா வகுப்பின் அலமாரியில் ஒரு மரக்கட்டை இருந்தது. குனிந்தால் தரை எட்டாத தமயந்தி, ஆரம்ப வகுப்பில் அதன்மேல்தான் கையூன்றுவாள். “நீ இல்லாவிட்டால் விழுந்தே போயிருப்பேன்” என்று தட்டிக்கொடுப்பாள். முதலில் கட்டையை நிமிர்த்தி வைத்தாள், உயரம் குறைய பிறகு பக்கவாட்டில், பிறகு படுக்கையாக. எப்படி வைத்தாலும், நடுங்கும் அந்தக் கையை அது ஆடாமல் தாங்கியது.

ஒருநாள் விரல்கள் தரையைத் தொட்டுவிட்டன. மறுநாள் பாயை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த அறையில் நடக்கும் மேல்நிலை வகுப்புக்குப் போய்விட்டாள்.

பாய் அலமாரிக்குத் திரும்பியதும் கட்டை கேட்டது: “என்னைத் தேடினாளா?”

“அங்கே தேட ஏது நேரம்? மூச்சுக்கு ஓர் ஆசனம், நிற்காமல் ஓடுகிறது.”

“கையாவது நடுங்கியதா?”

“துளிக்கூட இல்லை.”

கட்டைக்கு அது போதுமாயிருந்தது. இத்தனை நாளும் அது வேண்டிக்கொண்டது இதைத்தானே.